திருப்புளியை யார் சுமந்தார்? மிதிவண்டிப் பழுது குறித்த ஒரு சிறு வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த ஆண்டில், எவர், எந்தக் காப்புரிமையைப் பெற்றார் என்பதோடு கதை முடிந்துவிடும். அப்பொருள் மக்கள் கைக்கு வந்து, தேய்ந்து, உடைந்து, ஒட்டப்பட்டு, மீண்டும் ஓடிய நீண்ட காலத்துக்கு அக்கதையில் இடமில்லை. பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக வைத்து வரலாற்றை எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் வாதிட்டார். மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை போன்ற அன்றாட எந்திரங்களைக் கொண்டு இந்திய நவீனத்தை விளக்கியது டேவிட் அர்னால்டின் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013). இவ்விரு நூல்களும் திறந்துவிட்ட வழியில் நின்று ஒரு சிறு கேள்வியை இங்கே எழுப்புகிறேன். நடுவழியில் மிதிவண்டி பழுதானால் அதைச் சரிசெய்யும் கருவி யாரிடம் இருந்தது? ஓட்டுபவரின் பையிலா, சாலையோரத்து மனிதரின் பெட்டியிலா?

இது சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கருவி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அறிவும் தங்குகிறது. அறிவு எங்கே தங்குகிறதோ அங்கே அதற்குரிய சொற்களும் பிறக்கின்றன. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு அச்சொற்களும் சான்றுகளே.

1. ஒட்ட முடிகிற சக்கரம்

பழுதுக் கருவிகளைச் சுமக்கும் வழக்கம் மிதிவண்டியோடு பிறந்ததன்று. காற்றடைத்த சக்கரத்தோடு பிறந்தது. 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ், உயரமான முன்சக்கரம் கொண்ட வண்டியில் உலகைச் சுற்றினார். 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச்சாலையில் அவர் ஓட்டிவந்த அவ்வண்டியின் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். முள் குத்தினாலும் காற்றுப் போக வழியில்லை. போவதற்குக் காற்றே இல்லை.

காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், அது புழக்கத்துக்கு வந்தது 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் கண்டறிந்த பிறகே. டன்லப்பின் தொடக்ககாலச் சக்கரத்தில் ரப்பர் உறை விளிம்போடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முள் குத்தினால் உறையைப் பிரித்து, ஒட்டி, பசை உலர மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைச் சாலையோரத்தில் செய்வது இயலாத செயல்.

இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1890இல் வெல்ச் கம்பி விளிம்புள்ள டயரை வடிவமைத்தார். 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் மிஷலின் டயர் பூட்டிய சார்ல் தெரோன் வென்றார். அந்த வெற்றியில் வேகத்துக்குப் பங்குண்டு. வழியில் கழற்றி ஒட்டி மீண்டும் மாட்ட முடிந்ததற்கும் பங்குண்டு. மிதிவண்டி வரலாற்றில் ‘கழற்ற முடிதல்’ தனியாகப் பேசப்பட வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன். நெம்புகோல் இரண்டு, ஒட்டுத் துண்டுகள், ரப்பர் பசை, உப்புத்தாள், கைப்பம்பு ஆகிய ஐந்தும் ஒரு பைக்குள் சேர்ந்தது அதற்குப் பிறகே.

2. பிறர் கை படக்கூடாது

ஐரோப்பாவில் அப்பை ஓர் ஒழுக்கமாகவே வளர்ந்தது. ஆங்கிலேய வண்டிகளின் இருக்கைக்குப் பின்னே தொங்கிய தோல்பையும், சட்டகத்தில் பம்பைச் செருகுவதற்கென்றே வைத்த முளைகளும் அதன் தடயங்கள். ஓட்டுபவரே தம் வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற எண்ணம் பந்தயங்களில் சட்டமாகவும் ஆயிற்று.

1913ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்தோஃபின் வண்டி தூர்மலே மலையிறக்கத்தில் முன்கவை முறிந்து நின்றது. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சான்ட் மரி தெ கம்பான் என்ற ஊரின் கொல்லுலையில் அவரே இரும்பைக் காய்ச்சித் தட்டிக் கவையைச் சேர்த்தார். நடுவர்கள் அருகிலேயே நின்றார்கள். வேலை முடிந்த பிறகும் அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதே குற்றம். இந்நிகழ்வு வீரக் கதையாகவே இன்றும் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தச் சிறுவன்தான் முக்கியமானவன். துருத்தி ஊத ஒரு கை இல்லாமல் உலை எரியாது. பிறர் உதவியே இல்லாத தனிமனிதர் என்பது விதிப்புத்தகத்தில் வாழ்பவர். சாலையில் வாழ்பவர் அல்லர்.

3. பையிலிருந்து மரநிழலுக்கு

இந்தியாவிலும் நெடும்பயணிகள் கருவிகளைச் சுமந்தார்கள். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் குழுவில் அடி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். பாலைவனத்திலும் காட்டிலும் அவர்களுக்குப் பழுது பார்க்கக் கடை கிடையாது.

ஆனால் அன்றாட ஓட்டுநரின் வரலாறு வேறு. 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் எழுந்தபின் மிதிவண்டி அஞ்சல்காரருக்கும் பால்காரருக்கும் ஆசிரியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உரியதாயிற்று. பெங்களூருவில் 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று அடுத்தடுத்து வந்த பொதுத்துறை ஆலைகளின் சங்கொலிக்கு விரைந்த கூட்டத்தில் மிதிவண்டிகள் நிறைந்திருந்தன. இவ்வண்டிகளின் கேரியரில் சோற்றுத்தூக்கு இருந்தது, பால் கேன் இருந்தது, பிள்ளை இருந்தது. கருவிப்பை இருக்கவில்லை.

ஏன்? கருவி தேவைப்படவில்லை என்பதன்று. அது வேறோர் இடத்தில் நிலைகொண்டுவிட்டது. தெருமுனையில் புளியமரமோ புங்கமரமோ, கிளையில் அடையாளமாகத் தொங்கும் பழைய டயர், கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, காலால் மிதித்துப் பிடிக்கும் நெட்டைப் பம்பு, மரப்பெட்டி நிறையச் சாமான்கள். பல ஊர்களில் அதுவே மணிக்கணக்கில் வண்டி தரும் வாடகை சைக்கிள் கடையும் ஆகும். ஒட்டுத் துண்டை அவர் டப்பாவில் வாங்குவதில்லை. கிழிந்த பழைய ட்யூபிலிருந்து வட்டமாக வெட்டிக்கொள்வார். டயரின் உள்ளே விரலை ஓட்டித் தங்கியிருக்கும் முள்ளைத் தேடுவார். தென்மாவட்டங்களில் பெரும்பாலும் அது கருவேல முள்ளாகவோ சீமைக்கருவேல முள்ளாகவோ இருக்கும். அரத்தால் தேய்த்து, பசை தடவி, அது பாதி உலரும்வரை காத்திருப்பார். பசையில் உள்ள கரைப்பான் ஆவியான பிறகே ரப்பரும் ரப்பரும் பற்றும். ஈரத்தில் ஒட்டினால் பத்தாவது தெருவில் பெயர்ந்துவிடும். அந்தக் காத்திருப்பின் அளவை எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஆக, ஐரோப்பாவில் ஒவ்வொருவரும் தனித்தனியே சுமந்ததை இங்கே ஒரு தெருவே சேர்ந்து ஒருவரிடம் ஒப்படைத்திருந்தது. இதைப் ‘பின்தங்கிய நிலை’ என்று வாசிக்க வேண்டியதில்லை. ஊர்க்கிணற்றைப் போன்றதொரு பொது ஏற்பாடு என்று வாசிக்கலாம். ஊர்க்கிணற்றைப் போலவே இதற்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. கிரீஸ் படிந்த கை யாருடையது, தரையில் அமர்பவர் யார், நின்று அதிகாரமாகப் பேசுபவர் யார் என்ற கேள்விகள் அந்த மரநிழலிலும் இருந்தன. வட இந்தியச் சமூக ஊடகங்களில் ‘பஞ்சர் ஒட்டுபவர்’ என்ற தொழிற்பெயர் இன்று இஸ்லாமியரை இழிக்கும் வசையாகவே புழங்குவதைக் காண்கிறோம். ஒரு பொது ஏற்பாட்டைத் தாங்கியவரின் தொழில் எப்படி வசையாகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

4. சொற்கள் சொல்லும் சாட்சி

அம்மரநிழல் ஒரு சொற்பட்டறையும் ஆகும். சில சொற்களை மட்டும் பார்ப்போம்.

‘ஸ்போக்ஸ்’ என்பது பட்டறைத் தமிழில் ‘போக்ஸ் கம்பி’. சொல்முதல் மெய்ம்மயக்கத்தைத் தமிழ் ஏற்பதில்லை. முதல் மெய் உதிர்ந்தது, பொருளை விளக்கக் ‘கம்பி’ வந்து சேர்ந்தது. ‘பால் ரேஸ்’ என்பது ஆங்கிலத்தில் குண்டுகள் ஓடும் பள்ளத்தைக் குறிக்கும். தமிழில் ‘பால்ரஸ்’ அக்குண்டுகளையே குறிக்கிறது. இடத்தின் பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆகிவந்த இடவாகுபெயர் இது. ‘ஓவர்ஹால்’ என்பது ‘ஓவராயில்’ ஆயிற்று. இடையிலிருந்த ஹகரம் மறைந்தது, ‘ஆயில்’ உள்ளே புகுந்தது. முழு வண்டியையும் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டும் வேலைக்கு அப்பெயர் பொருந்தவும் செய்தது.

‘வால்டியூப்’ இன்னும் சுவையானது. நம் ஊர் வண்டிகளில் இருக்கும் வுட்ஸ் வால்வில், துளையுள்ள உலோகத் தண்டின்மேல் ஒரு சிறு ரப்பர்க் குழாய் செருகப்பட்டிருக்கும். காற்றை அடிக்கும்போது ரப்பர் விலகி வழிவிடும். நிறுத்தியதும் துளையை மூடிக்கொள்ளும். அந்தச் சிறுகுழாய் ‘வால்வ் ட்யூப்’. வகரமெய் உதிர்ந்து ‘வால்’ மிஞ்சியபோது, தண்டின் நுனியில் தொங்கும் அச்சிறு ரப்பருக்கு அது இயல்பான தமிழ்ப் பெயர் போலவே அமைந்துவிட்டது. எந்தக் கருவியும் இல்லாமல் விரலாலேயே மாற்றத்தக்க ஒரே உறுப்பு இதுதான்.

கடன்சொற்கள் மட்டுமல்ல. திருப்பு, உளி என்ற இரண்டும் சேர்ந்த ‘திருப்புளி’ எந்தக் குழுவும் கூடி ஆக்காத அழகிய கலைச்சொல். வளைந்த சக்கரத்தைப் போக்ஸ் கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதற்குக் ‘கோட்டம் எடுத்தல்’ என்று பெயர். இக்‘கோட்டம்’ திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லின் வளைவையும் உள்ளத்தின் வளைவையும் குறிக்க வரும் அதே சொல். அக்குறளில் அதற்கு எதிராக நிற்பது ‘செப்பம்’. பழுதுபார்த்தலைக் குறிக்கும் ‘செப்பனிடுதல்’ அதன் வழிவந்தது. நீதி பேசிய இரு சொற்களும் சக்கரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

எனினும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தவை ‘ரிப்பேர்’, ‘பஞ்சர்’ என்ற இரண்டு. ஆங்கிலத்தில் முன்னது சரிசெய்தல், பின்னது கெடுதல். தமிழில் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி கெட்டுவிட்டது என்று பொருள். ‘பஞ்சர் போடு’ என்றால் ஓட்டையை அடை என்று பொருள். கேட்டின் பெயர் தீர்வுக்கும் தீர்வின் பெயர் கேட்டுக்கும் இடம் மாறியிருக்கின்றன. ‘ரிப்பேர் செய்’ என்ற மூலப்பொருள் வழக்கும் உடன் இருக்கிறது. ‘பஞ்சர் ஆயிற்று’ என்பதும் இருக்கிறது. ஆயினும் இந்த இடமாற்றம் தற்செயல் என்று தோன்றவில்லை. பழுது அறிதலும் பழுது தீர்த்தலும் ஒரே கடைவாசலில் நிகழும்போது இரண்டுக்கும் இடையிலான எல்லை மொழியில் மங்குகிறது. வழியில் தனியே நின்று, பையைத் திறந்து, தானே ஒட்டியவரின் மொழியில் இம்மாற்றம் எளிதில் நேர்ந்திராது என்பது என் கருதுகோள். கன்னடத்திலும் ‘பஞ்சர் ஹாகு’, அதாவது ‘பஞ்சர் போடு’, என்றே வழங்குகிறது. ‘காற்று அடி’ என்பதற்கு இணையாகக் கன்னடத்தில் காற்றுக்கு உரிய பெயரோடு ‘ஹொடெ’ (அடி) என்ற வினையே வருகிறது. அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் ஒரே கடைக்காரர் தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றிலும் மாறிமாறி விடையளிப்பதைக் கேட்பவர்க்கு, இவ்வொற்றுமை வியப்பளிக்காது.

5. கடை இல்லாத இடத்தில்

இந்தப் பொது ஏற்பாட்டின் எல்லைகளை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்னெடுப்பில், எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டுதலும் கற்பிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் வாரத்தில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் வண்டி ஓட்டிக்காட்டியதைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். இந்நிகழ்வை நாம் பெரும்பாலும் ஓட்டுதலின் வரலாறாகவே வாசிக்கிறோம். இதைப் பழுதின் பக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். சைக்கிள் கடை ஆண்களின் வெளி. அங்கே நாளிதழும் அரசியலும் ஆண்களுக்குரியவை. பேருந்துக்குக் காத்திராமல் கல்குவாரிக்கும் சந்தைக்கும் தாமே வண்டியில் சென்ற பெண்ணுக்கு முதல் பஞ்சர் ஆன நாளில், அவள் வண்டியைத் தள்ளிச்சென்று நிற்க வேண்டிய இடம் அது. ஓட்டத் தெரிந்தவளுக்கு ஒட்டவும் தெரிந்தால்தான் விடுதலை முழுமையாகும் என்பது என் வாசிப்பு.

இரண்டாவது, யாழ்ப்பாணம். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் அரிதாகிப்போன ஆண்டுகளில், மிதிவண்டியே அங்கே வண்டியும் சுமையூர்தியும் நோயாளி ஊர்தியும் ஆயிற்று. சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அங்கே கருவி இருந்தாலும் பொருள் இல்லை என்ற நிலை. எறிய வேண்டியதை எறியாமல் வைத்துக்கொள்வதே பழுதுபார்த்தலின் முதற்படியாயிற்று. மொழியும் அங்கே வேறுதிசையில் நின்றது. எழுத்து வழக்கில் ‘துவிச்சக்கரவண்டி’, பேச்சில் ‘ரயர்’, ‘ரியூப்’. தமிழ்நாடு ‘ரிப்பேர்’ என்று சொல்லுமிடத்தில் ஈழத்தமிழ் ‘திருத்துதல்’ என்கிறது. நாம் விடைத்தாளையும் மனிதரையும் திருத்துகிறோம். அவர்கள் வண்டியையும் திருத்துகிறார்கள். திருந்துதல் என்ற தன்வினை உள்ளே இருப்பதால், பொருளுக்கும் மீண்டெழும் இயல்பு உண்டு என்ற குறிப்பு அச்சொல்லில் எஞ்சுகிறது.

6. பை திரும்பி வருகிறது

இன்றைய பெங்களூருவில் அந்தப் பை திரும்பியிருக்கிறது. விடியலில் நந்தி மலைக்கு மிதிப்பவர்களின் இருக்கைக்கடியில் அதைக் காணலாம்: ஒரு மாற்று ட்யூப், இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல்கள், மடக்கும் பல்கருவி, சங்கிலி இணைப்பு, சிறு பம்பு, பக்கச்சுவர் கிழிந்தால் உள்வைக்கப் பழைய டயரின் ஒரு துண்டு. அந்தக் கடைசிப் பொருள் மரநிழலிலிருந்து வந்தது என்பதை அதைச் சுமப்பவர் பலர் அறியார். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய ‘பிரவே’ நெடுந்தொலைவுப் பயணங்களின் விதிகளும் பாரிஸ் மன்றத்திலிருந்தே வருகின்றன. சோதனைச் சாவடிகள் தவிர வேறெங்கும் துணைவண்டியின் உதவி கூடாது. 1913இன் நிழல் அவ்விதியில் விழுந்திருக்கிறது.

ஆனால் பை திரும்பியதற்கு விதி மட்டும் காரணமன்று. புதிய வண்டிகளின் பிரெஸ்டா வால்வில் தெருமுனைப் பம்பின் வாய் பொருந்தாது. இடையில் ஒரு சிறு பித்தளைத் திருகு வேண்டும். பழைய வண்டியைத் தட்டையான ஸ்பேனரும் காட்டர் பின்னைத் தட்டச் சுத்தியலும் கொண்டு முழுதும் பிரிக்கலாம். புதியதற்கு அறுகோண ஆலன் கீ வேண்டும். வண்டி மாறியது, பெட்டி மாறவில்லை, பெட்டிக்காரரோ இருசக்கர மோட்டார் வண்டிகளுக்கு நகர்ந்துவிட்டார். அகலப்படுத்திய சாலையிலும் புதுப்பித்த நடைபாதையிலும் மரமும் இல்லை, அவர் அமர இடமும் இல்லை. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரோடு தெருவில் சேவை வழங்குபவரையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பஞ்சர் போடுபவருக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை நகரத் திட்டங்கள் நினைவில் கொள்வது அரிது.

விளைவு என்ன? பையை வாங்க முடிந்தவர் நந்தி மலைக்குப் போய்த் திரும்புகிறார். பழைய வண்டியில் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவரோ, காற்றுப்போன வண்டியை முன்பைவிட நெடுந்தூரம் தள்ளுகிறார். பொதுவாக இருந்த ஓர் ஏற்பாடு, வாங்கக்கூடிய பொருளாக மாறியிருக்கிறது. நகரத்தின் மிதிவண்டித் தடங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அத்தடத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு பம்புக்கும் இடம் ஒதுக்குவதைப் பற்றியும் பேச வேண்டும். தனிப்பையும் தேவை, தெருப்பெட்டியும் தேவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

சொற்களுக்கும் இதே கதி நேரக்கூடும். ‘கோட்டம் எடுத்தல்’ தெரிந்த கைகள் ஓயும்போது அச்சொல்லும் ஓயும். நம் அகராதிகள் ஏட்டிலக்கியத்துக்குக் காட்டிய பரிவைப் பட்டறைக்குக் காட்டியதில்லை. ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சைக்கிளின் உறுப்புகளுக்கும் பழுதுக்கும் பழுதுபார்த்தலுக்கும் வழங்கிய சொற்களை, ஊரையும் ஏறத்தாழக் காலத்தையும் குறிப்பிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நெல்லையும் கொங்கும் யாழும் மலேயாவும் ஒரே உறுப்பை எப்படி அழைத்தன என்று அடுக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய கடைக்காரர் எவரேனும் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதுங்கள். முதலில் அவரைப் பேச விடுங்கள்.